துரை பங்களா பாய்லரும் துறைமுகத்துக் கப்பலும்

என் வீட்டுக்காரரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் தெரிவது அவருடைய உள்ளங்கால்கள்தாம். முகமெல்லாம் பிறகுதான் வரும். அன்று அவர் பாய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி குனிந்து நின்றேன். பட்டப்பகலிலும் அந்த அறைக்கு விளக்கு வேண்டும். ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே கிள்ளான் மழை.

"எரியுதா?" என்றார் அடியிலிருந்து.

"எரியுதுங்க."

உலை வைத்தால் அரிசி வேகும் நேரம் ஆகியிருக்கும். என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இப்ப?"

"மஞ்சளாவுது."

"இப்ப?"

"நின்னுருச்சு."

அடியிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், ஆகவே எழுதவில்லை.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளைப் பற்றியும், நான் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி அங்கேயே குடித்தனம் வைத்ததையும் எழுதியிருந்தேன். "அப்புறம் ஏன் கிள்ளானுக்குப் போனீர்கள்?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இந்தப் பாய்லர்தான் காரணம். இன்னொரு காரணம் கப்பல்.

வெந்த ஊரில் வெந்நீர்ப் பெட்டி

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், மேட்டின்மேல் பெரிய துரையின் பங்களா இருந்தது. அதன் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. எண்ணெய் ஊற்றி எரிப்பது. சுவரில் உயரே ஒரு தொட்டி, அதிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் தானாக இறங்கி வந்து அடியில் எரியும். மேலே தண்ணீர் கொதித்துக் குளியலறைக்கும், மாடியில் ஓர் அறைக்கும் போகும். அந்த மாடி அறைச் சுவரோரம் விலா எலும்பு போல இரும்புக் குழாய்கள் வரிசையாக நிற்கும். வெந்நீர் அவற்றில் ஓடி அறையையே சூடாக்கும்.

சீமையில் எல்லா வீட்டிலும் இப்படி உண்டாம், குளிருக்கு. அங்கே சரி. இங்கே மத்தியானம் தகரக் கூரையைத் தொட்டால் கை வெந்துவிடும். இந்த ஊரில் வீட்டுக்குச் சூடு ஏற்ற ஒரு மெஷினா என்று தோட்டமே சிரித்திருக்கிறது.

முந்தைய துரைக்கு மூட்டுவலி. அவர்தான் கப்பலில் அதை வரவழைத்தாராம். மழைக்காலத்தில் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, வேர்த்துக் கொட்டக் கொட்டச் சந்தோஷமாகப் பேப்பர் படிப்பாராம். அவர் ஊருக்குப் போய்விட்டார். பெட்டி நின்றுவிட்டது. துருவும் கரியும் ஏறிக் கிடந்தது.

புதிதாக வந்த துரைக்குக் கைக்குழந்தை இருந்தது. எங்கள் ஊர் மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஐப்பசி பிறந்தால் துணி காயாது, செருப்பில் பூஞ்சை பூக்கும், புத்தகத்தைத் திறந்தால் மக்கிய வாசம் வரும். குழந்தைத் துணியை எங்கே உலர்த்துவது என்று திண்டாடிய துரைசானி அம்மாவுக்கு அந்த மாடி அறை கண்ணில் பட்டது. சிரித்த தோட்டம் வாயை மூடிக்கொண்டது. பாய்லரை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

கப்பல் காலம்

அப்போது ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். ரயில்வே பட்டறையிலும் குறைத்தார்கள். வேலை போனவர்களை இலவசமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லைனில் பாதி வீடு காலியாகிவிட்டது. நேற்றுவரை குழாயடியில் சண்டை போட்டவள் இன்று வந்து அம்மிக்கல்லை வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போவாள்.

என் வீட்டுக்காரர் பட்டறையில் பிட்டர், மெஷின் பிரித்து மாட்டுகிறவர். அவருக்கும் வேலை போயிற்று. அவர் பெயரை நான் எழுத மாட்டேன். முருகன் பெயர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வாயில் வரும்போது தெரிந்துகொள்வீர்கள். அவரும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஊருக்குப் போயிரலாம்" என்றார்.

"எந்த ஊருக்கு?" என்றேன்.

அவருக்கு அது ஊர். எனக்கு என்ன ஊர்? நான் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள். பத்துமலை தைப்பூசம் தவிர வேறு திருவிழா பார்த்ததில்லை. வயிற்றில் மூத்தவள் வேறு இருந்தாள். முன்பின் தெரியாத மாமியார் வீட்டில், வேலையில்லாத புருஷனோடு போய் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் வெட்கப்படாமல் சொல்லுகிறேன். எனக்குப் போக மனமில்லை.

கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கும்போதுதான் பாய்லர் சேதி வந்தது. ரயிலேறிக் கிள்ளான் போனோம். துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசினார். மரியாதை மட்டும் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"நீ பட்டறை ஆள். இது ஓடணும். ஓடினா வேலை, வீடு. ஓடலன்னா பேத்து எறிஞ்சிட்டு வெறகு அடுப்பு வைப்பேன்" என்றார்.

"நான் தொட்ட மெஷின் நின்னதா சரித்திரம் இல்லிங்க" என்றார் இவர்.

இவருடைய வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டிக்காரர்தான். ஆனால் தப்பு என்ற சொல்லைத் தன் பக்கம் சேர்த்துச் சொல்ல அவருக்கு வராது. குழம்பில் நான் போட்ட உப்பின்மேல் அவரே இன்னொரு கை போட்டுவிட்டு, "பாசார்ல உனக்கு நல்ல உப்பு பாத்து வாங்கத் தெரியல" என்பார். நடுரோட்டில் வழி தவறினால் ரோட்டைத் திட்டுவார்.

பட்டறைக்காரர் பூஜை

முதல் நாள் அவர் வேலை பார்த்த அழகைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். பெட்டியைப் பிரித்துப் போட்டு, கரியைச் சுரண்டி, குழாயில் படிந்திருந்த சுண்ணாம்பைக் கம்பி விட்டு இடித்து, வாயை வைத்து ஊதி ஊதி ஒவ்வொன்றாக மாட்டினார். எண்ணெய்த் தொட்டியின் பித்தளை மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பழைய தோலில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி வைத்து முறுக்கினார்.

"பாத்தியா, எறும்பு மூச்சு விட்டாக்கூட உள்ள போவாது" என்றார்.

சாயங்காலம் பாய்லர் நீலமாக எரிந்தது. மாடியில் குழந்தைத் துணி மொறமொறவென்று காய்ந்தது. துரைசானி அம்மா ஒரு துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். அன்று ராத்திரி முழுவதும் இவர் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிது. அன்று எந்த மெஷினும் ஓடக்கூடாது. உளி சுத்தியலைக்கூடத் தொடக்கூடாது. துரைசானி அம்மா ஒரு நாள் வெந்நீர் இல்லை என்று முணுமுணுத்தார். இவர் அசையவில்லை. துரையும் விட்டுவிட்டார். தோட்டத்தில் இருப்பவருக்குப் பூஜை தெரியாதா?

இவர் பாய்லரைத் துடைத்தார். பித்தளை மூடியைப் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கினார். நான் சந்தனம் அரைத்துக் கொடுத்தேன். என் கைச் சந்தனம் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கும், திட்டுத் திட்டாக உதிராது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒவ்வொரு குழாய்க்கும், ஒவ்வொரு திருகாணிக்கும் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, செம்பருத்தி மாலை போட்டார். பொரிகடலை படைத்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம்.

அன்றைக்குத்தான் முனியாண்டி அண்ணன் தொட்டிக்கு விளிம்புவரை எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார், பூஜைக்கு முன்னால். அவர் பங்களாவில் புல் வெட்டுவார், தண்ணீர் இழுப்பார், எண்ணெய் டின் தூக்குவார். அந்தத் தோட்டத்திலேயே மயிர் நரைத்தவர். பெண்டாட்டியும் பிள்ளைகளும் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், இருந்தார்கள்.

பூஜைக்கு மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கற்பூரம் காட்டிப் பாய்லரை ஏற்றினார். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, சுருங்கி, நின்றுவிட்டது.

எண்ணெயில் தண்ணீர்

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்ன காட்சி. பிரித்தார், கழுவினார், மாட்டினார், ஏற்றினார். மூடியைத் திறந்து குச்சி விட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். நிறைய இருக்கும். மறுபடி முறுக்கி மூடிவிட்டு ஏற்றுவார். எரியும், நிற்கும். மழையோ விடவில்லை. மாடியில் ஈரத்துணி மலையாகக் குவிந்தது. துரைசானி அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

இரண்டாம் நாள் துரை வந்து நின்றார்.

"ஆறுமுகம், என்ன கோளாறு?"

இவர் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்திருந்தார். அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது.

"எண்ணெயில தண்ணிங்க. எண்ணெ ஊத்துன அன்னிலேருந்துதான் இப்படி. என் வேலையில கொற இல்ல."

துரை குவளையை ஆட்டிப் பார்த்தார். ஊற்றியவன் எண்ணெயை விற்றுவிட்டுத் தண்ணீர் கலந்துவிட்டான் என்று அவர் முடிவு கட்ட அதிக நேரம் ஆகவில்லை. முனியாண்டி அண்ணனுக்குக் கணக்குத் தீர்த்துவிடச் சொன்னார். நாளைக் காலை லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து வெளியே போனால் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். நேரே கப்பல்தான்.

சாயங்காலம் முனியாண்டி அண்ணன், பாய்லருக்கு அடுத்தாற்போல் நாங்கள் தங்கியிருந்த அறை வாசலில் வந்து நின்றார். மழையில் நனைந்திருந்தார். உள்ளே வரவில்லை.

"தம்பி, நான் தண்ணி கலக்கலப்பா. டின்ன ஒடச்சு அப்படியே ஊத்துனேன்."

"தண்ணி இருந்ததக் கண்ணால பாத்தேன்ணே" என்றார் இவர். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தொட்டி என்றால் அடியில் கொஞ்சம் தண்ணீர் தெளியத்தான் செய்யும், பட்டறையில் எல்லோருக்கும் தெரியும் என்று பின்னாளில் எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அது குவளையில் கிடைத்தது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினால் எரியும் என்று உண்மையாகவே நம்பினார். இருட்டுவதற்குள் வடித்து, புதிதாக ஊற்றி, மூடியை முறுக்கி ஏற்றினார்.

நின்றுவிட்டது.

பால் டின்

மறுநாள் விடிந்தது. அவர் எழுந்து பாய்லர் அறைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி கலக்க உட்கார்ந்தேன். இனிப்புப் பால் டின்னை நீங்கள் எப்படித் திறப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஆணியால் மூடியில் இரண்டு ஓட்டை போடுவோம், எதிரெதிராக. ஒன்று பால் வர, இன்னொன்று காற்றுப் போக. ஒரே ஓட்டை போட்டால் கவிழ்த்துப் பிடித்தாலும் சொட்டும், பிறகு நின்றுவிடும். புதுப்பெண்கள் டின்னை உலுக்குவார்கள். மாமியார்கள் சிரிப்பார்கள்.

அன்று சாய்த்தேன், பால் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. பார்த்தால் காற்றோட்டைமேல் பழைய பால் காய்ந்து அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன். பால் கொழகொழவென்று இறங்கியது. டின்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குவளை நிரம்பித் தரையில் வழிந்ததுதான் மிச்சம்.

ஈர்க்குச்சியோடு பாய்லர் அறைக்குப் போனேன். அவர் தொட்டியின் கீழே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இந்தத் தொட்டியிலேருந்து எண்ணெ எறங்குதே, அதுக்குக் காத்து எந்தப் பக்கமா போவுது?"

"காலங்காத்தால வந்துட்டா பாரு. நானே மண்ட காஞ்சு உக்காந்திருக்கேன்."

"சொல்லுங்களேன் லா."

"மூடி நடுவுல கடுகு மாதிரி ஒரு துவாரம் இருக்கும். எல்லாத் தொட்டிக்கும் அப்படித்தான்" என்று சலிப்போடு எழுந்து விரலை நீட்டினார்.

விரல் பாதியில் நின்றுவிட்டது. பொன்னாகத் துலக்கிய மூடியின் நட்டநடுவில், அழகாக வட்டமாக, குங்குமத்தோடு சந்தனப் பொட்டு. நெற்றி என்றால் நடுவில்தானே வைப்பார்கள்? ஒரு நாள் முழுக்க மெஷினை ஓட்டாமல் விட்டதில் கல்லாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. நல்ல சந்தனமாயிற்றே.

என் கையிலிருந்த ஈர்க்குச்சியை வாங்கிக் குத்தினார். முதலில் வளைந்தது. பிறகு ஒரு துணுக்குத் தெறித்து விழுந்தது. தொட்டி 'ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சு இழுத்ததை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

பழைய மூடியாக இருந்தால் ஆடுகிற சந்து வழியாகவே காற்று போயிருக்கும். எறும்பு மூச்சுகூடப் போகாமல் இவர்தான் வாஷர் போட்டு இறுக்கினார். இவர்தான் பொட்டும் வைத்தார். கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம், நடுவில் பாய்லர் செத்தது.

ஏற்றினார். நீலமாக எரிந்தது. அரிசி வேகும் நேரமாயிற்று, பருப்பும் வேகும் நேரமாயிற்று. நிற்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனிமேல் கப்பல் இல்லை என்று என் மனம் துள்ளியது.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியாண்டி அண்ணன் வீட்டு வாசலில் பாய்மூட்டையும் சட்டிபானையும் வந்து உட்கார்ந்திருந்தன.

துரை கேட்ட கேள்வி

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எண்ணெயை மாற்றியாயிற்று, பாய்லர் எரிகிறது. துரை கண்ணுக்கு இவர் சொன்னது நிரூபணமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை இவருக்கு, வீடு எங்களுக்கு. வாயைத் திறந்தால், என் மெஷினை நானே அடைத்தேன், அடுத்தவன்மேல் பழி போட்டேன் என்று, வேலை கொடுக்கிறவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். உப்புக்கே ஒத்துக்கொள்ளாத மனிதர்.

என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் தெறித்து விழுந்த சந்தனத் துணுக்கைத் தரையில் தேடி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு சட்டை போட்டார். துரை காலைச் சுற்று முடித்துச் சாப்பிட வரும் நேரம். பங்களாப் படிக்கட்டின் கீழே போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

துரை வந்தார். மாடியிலிருந்து துரைசானி அம்மா சூடு வருகிறது என்று ஏற்கெனவே குரல் கொடுத்துவிட்டார். துரை முகம் மலர்ந்திருந்தது.

"ஆறுமுகம். எண்ணெ மாத்தினே, சரியாப் போச்சு."

"எண்ணெ இல்லிங்க." அவர் உள்ளங்கையை விரித்தார். "இது. மூடியில காத்துப் போற ஓட்டையில சந்தனம் அடச்சுக்கிச்சு."

துரை குனிந்து பார்த்தார். "பூஜை சந்தனம்? யார் வச்சது?"

"நான் வச்சதுங்க."

"தண்ணி?"

"தண்ணி எந்தத் தொட்டியிலயும் கொஞ்சம் தெளியும். முனியாண்டி கலக்கல. நான் சொன்னது தப்பு."

தப்பு. என் காதால் கேட்டேன். கல்யாணமாகி அன்றுவரை கேட்காத சொல்.

துரை நிமிர்ந்தார்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"பின்ன ஏன் சொன்னே?"

"அங்க அவரு மூட்ட கட்டிக்கிட்டு இருக்காருங்க."

துரை படியேறி உள்ளே போய்விட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம். ஆமாம், அன்று வெயில் அடித்தது. நெடுநேரம் கழித்துப் பங்களாச் சமையல்காரர் வந்து, முனியாண்டியைப் புல்லு வெட்ட வரச் சொல்லித் துரை உத்தரவு என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

இவர் திரும்பி வந்து பாய்லர் முன்னால் உட்கார்ந்தார். தீ நின்றுவிடவில்லை. நான் பானை சட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்ட ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை.

"பயமா இருக்கா?" என்றார்.

"இல்லிங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. காலையில் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று தவித்தவள் நான்தான். ஆனால் அந்தப் படிக்கட்டின் கீழே உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றாரே, அதைப் பார்த்த பிறகு எனக்குக் கிள்ளானும் ஒன்றுதான், நாகப்பட்டினமும் ஒன்றுதான். என் பிள்ளைக்கு இந்த மனிதர் அப்பா என்ற நினைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. அத்தனை கர்வம் எனக்கு.

அந்தி மயங்கும் நேரத்தில் துரை பின்கட்டுக்கு வந்தார். குழாயில் கை வைத்து வெடுக்கென்று எடுத்தார். சூடு அப்படி. கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை அவிழ்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.